எஸ்றா வெள்ளியை ஏன் நிறுத்துக் கொடுத்தார்?

கேள்வி: மனுஷன்மேல் நம்பிக்கை வைக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்கிறது எரேமியா 17:5. அப்படியானால் கணவரையோ தோழியையோ நம்புவது விசுவாசக் குறைவா?

பதில்: வசனத்தைப் பாதியில் நிறுத்துவதால் வருகிற பயம் இது, சகோதரி. "கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள" என்றும் அதே வசனம் சொல்கிறது. கர்த்தருக்குரிய இடத்தில் மனிதனை உட்காரவைப்பதையே அது கண்டிக்கிறது. "அவள் புருஷனுடைய இருதயம் அவளை நம்பும்" என்று நீதிமொழிகள் 31:11 பாராட்டாகவே சொல்கிறது. எபிரெயுவில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். கணவரைத் தாராளமாக நம்புங்கள். அவர் ஒருநாளும் தவறமாட்டார் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பாரம் எந்த மனிதருக்கும் தாங்காது.

கேள்வி: எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் தொழிலுக்குக் கடன் கேட்கிறார். எழுதிக்கொள்ளலாமா என்றேன். "தேவனை நம்புகிறவர்களுக்குள் பத்திரம் எதற்கு?" என்று வருத்தப்பட்டார். நான் செய்தது தவறா?

பதில்: தவறே இல்லை. எஸ்றா 8-ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஆசாரியரான எஸ்றா தம் ஜனத்தில் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு போன, பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு நான்கு மாதப் பயணம் அது. தேவனுடைய கரம் தங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் சொல்லியிருந்ததால், காவலுக்குக் குதிரைவீரரைக் கேட்க எஸ்றா வெட்கப்பட்டார். உபவாசித்து ஜெபித்துப் புறப்பட்டார். அதே எஸ்றாதான் தேவாலயத்துக்கான 650 தாலந்து (பழங்கால எடை அளவு) வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் ஆசாரியர்களிடம் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமில் அது மறுபடியும் நிறுக்கப்பட்டு, நிறையெல்லாம் எழுதிவைக்கப்பட்டது. அந்த ஆசாரியர்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள் என்று அவரே சொல்லியிருந்தும் தராசை ஒதுக்கிவைக்கவில்லை. பின்னாளில் யாராவது சந்தேகம் கிளப்பினால், அந்தக் கணக்கே அந்த ஆசாரியர்களுக்குக் காவல்.

ஆகவே ஒரே தாளில் தொகை, கொடுத்த தேதி, திருப்பித்தரும் தவணைகள், தவணை தவறினால் என்ன செய்வது, இவற்றை எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு இருவர் இருக்கட்டும். எழுதாத கடனில் பெரும்பாலும் ஏமாற்றைவிட மறதிதான் முதலில் வரும். 'வட்டி இல்லை' என்றா, 'முடிந்தபோது கொடு' என்றா பேசினோம் என்று ஆறு மாதத்தில் இருவருக்கும் இரண்டு நினைவு இருக்கும். கேட்கக் கூச்சப்பட்டு ஒருவர் மெளனமாவார்; முகம் பார்க்கக் கூச்சப்பட்டு மற்றவர் ஆராதனைக்கே வராமல் போவார். திரும்பாவிட்டாலும் உங்கள் குடும்பம் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் கொடுக்காதீர்கள். சிறிய தொகையானால் கடனாக்காமல் உதவியாகவே கொடுத்துவிடலாம். அவருடைய வேறு கடனுக்குப் பிணை நிற்கக் கேட்டால், நீதிமொழிகள் 6:1-5 வாசித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குத் துரோகம் செய்தவரை மன்னித்துவிட்டேன். ஆனால் பழையபடி நம்ப முடியவில்லை. மன்னிப்பு பொய்யா?

பதில்: பொய்யல்ல. மன்னிப்பை நீங்கள் இன்றே கொடுக்கலாம். நம்பிக்கையோ அவர் நடந்துகொள்வதைப் பார்த்து வளரவேண்டியது. முதல் ஊழியப் பயணத்தின் நடுவே பம்பிலியாவில் தம்மை விட்டுப்போன மாற்குவை அடுத்த பயணத்தில் சேர்த்துக்கொள்ள பவுல் மறுத்தார் (அப்போஸ்தலர் 15:38). கடைசி நாட்களிலோ, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அழைத்துவா என்று எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). இடையில் வருடங்கள் ஓடியிருந்தன. யோசேப்பும், தன்னை விற்றுப்போட்ட சகோதரரைச் சோதித்தார். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று யூதா முன்வந்த பிறகே தன்னை வெளிப்படுத்தினார்.

நீங்களும் பாருங்கள்: யாரும் பிடிக்காமலே தவறை ஒப்புக்கொள்கிறாரா? எடுத்ததைத் திருப்புகிறாரா? சரிபார்த்தால் கோபப்படாமல் இருக்கிறாரா? அப்படியானால் சிறிய பொறுப்பொன்றைக் கொடுத்துப் பாருங்கள். லூக்கா 16:10 காட்டும் அளவும் அதுதான். துரோகம் என்று நீங்கள் எழுதியது அடியோ மிரட்டலோ என்றால் இந்தப் படிகளெல்லாம் பிறகு. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், விஷயம் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். மன்னித்துவிட்டீர்கள் என்பதற்காக அவரோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை.