ஜெர்மன் காரும் பத்தாண்டுக் காகிதமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரின் சின் மிங்கில் பட்டறை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் ஜெர்மன் வண்டிகள். பில்லைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "சிஓஇக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" சிஓஇ என்பது இங்கே ஒரு காரைப் பத்தாண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவில் அந்தக் காகிதம் மட்டும் 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. அதை வாய் பேசாமல் கட்டியவர், இருநூறு வெள்ளிக் குழாய்க்குப் பேரம் பேசுவார். படியாவிட்டால் மாற்றாமலே போவார். மூன்று மாதம் கழித்து வண்டி இழுவை லாரியின் முதுகில் ஏறி வரும். இம்மாதம் வந்த கடிதங்களிலும் இந்தக் கதைதான் வேறு வேறு உருவில் இருந்தது.

கேள்வி: என் பிஎம்டபிள்யூ 320ஐ 2016இல் பதிவானது. 140,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரிய தொல்லை எதுவும் தந்ததில்லை. பத்தாண்டு முடியப் போகிறது. சிஓஇயைப் புதுப்பிக்கலாமா? ஐந்தாண்டா, பத்தாண்டா? அன்றைக்கு ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவு வரியாகச் சுமார் 40,000 வெள்ளி கட்டினேன். (ஈசூன் வாசகர்)

பதில்: முதலில் கணக்கு, பிறகு எஞ்சின்.

பத்தாண்டு முடிவதற்குள் பதிவை நீக்கினால் கட்டிய ஏஆர்எஃப்பில் பாதி, அதாவது 20,000 வெள்ளி, உங்களுக்குத் திரும்ப வரும். பிற்காலத்தில் பதிவான கார்களுக்கு இந்த விதி இறுகிவிட்டது. 2016 வண்டிக்குக் கவலையில்லை. ஆனால் சிஓஇயைப் புதுப்பித்த அன்றே அந்த 20,000 போய்விடும். பலர் இதைச் செலவில் சேர்ப்பதே இல்லை. கையிலிருந்து போகவில்லை என்பதால் செலவாகத் தெரிவதில்லை போலும்.

புதுப்பிக்கும் தொகை, கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரி. கணக்குக்காக அதை 110,000 என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு எடுத்தால் இழந்த 20,000ஐயும் சேர்த்து 130,000, ஆண்டுக்கு 13,000. ஐந்தாண்டு எடுத்தால் பாதித் தொகை 55,000, அதோடு அதே 20,000, ஆக 75,000, ஆண்டுக்கு 15,000. ஐந்தாண்டு மலிவு என்று தோன்றுவது மொத்தத் தொகையைப் பார்ப்பதால் வரும் மயக்கம். அது முடிந்தபின் மீண்டும் புதுப்பிக்கவும் முடியாது. வண்டி நேராக இரும்புக் கடைக்குத்தான். பத்தாண்டு எடுத்தவர் ஏழாம் ஆண்டில் சலித்துப் பதிவை நீக்கினால், மிச்ச மாதங்களுக்கான சிஓஇ தொகை கிடைக்கும். கையில் பணமோ கடன் வசதியோ இருந்தால் பத்தாண்டையே எடுங்கள்.

சாலை வரியும் ஏறும். 1,998 சிசிக்கு இப்போது ஆண்டுக்குச் சுமார் 1,210 வெள்ளி கட்டுகிறீர்கள். பத்தாண்டு தாண்டியதும் 10 விழுக்காடு கூடும். ஆண்டுதோறும் பத்துப் பத்தாக உயர்ந்து 50 விழுக்காட்டில் நிற்கும். சோதனைக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை போனவர், இனி ஒவ்வோர் ஆண்டும் போக வேண்டும்.

இப்போது எஞ்சின். உங்களுக்கு நல்ல நேரம். இந்த மாடலின் முற்பகுதி வண்டிகளில் இருந்தது என்20 எஞ்சின். அதன் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் தடங்கள் தேய்ந்து உடைந்து, துண்டுகள் ஆயில் தொட்டியில் விழும். செயின் நழுவினால் எஞ்சினே போய்விடும். 2015இல் முகத்தோற்றத்தை மாற்றியபோது எஞ்சினையும் பி48க்கு மாற்றினார்கள். அது எவ்வளவோ தேவலை. உங்களுடையது பழைய இருப்பிலிருந்து வந்ததா என்பதை எஞ்சின் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். என்20 என்றால் நான் புதுப்பிக்கச் சொல்ல மாட்டேன்.

பி48 என்றால், புதுப்பிக்கும் மாதத்திலேயே குளிர்விக்கும் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள்: வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பிளாஸ்டிக் இணைப்புகள், ஆயில் வடிகட்டி உட்காரும் பிளாஸ்டிக் கூடு, வால்வு மூடியின் கேஸ்கெட். பத்து ஆண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்த கூலண்ட் இணைப்பு எப்படி இருக்கும் தெரியுமா? கருப்பாக, பளபளப்பாக, வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். கழற்றும்போது கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம்போல நொறுங்கும். நொறுங்கிய துண்டுகளை ஒரு தட்டில் வைத்து வாடிக்கையாளர்களிடம் காட்டுவேன். அதன்பிறகு பேரம் குறையும்.

கியர்பெட்டி ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. வடிகட்டி அடித்தட்டோடு ஒட்டியே வரும். ஆகவே தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இவையெல்லாம் போக, பழுதுக்கென்று ஆண்டுக்கு 3,000 வெள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 13,000 வெள்ளியைக் காகிதத்துக்குக் கொடுக்கும்போது இது பெரிய தொகையாகத் தெரியக் கூடாது.

கேள்வி: முகவரிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், வெளியே போனால் உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? (பொங்கோல் வாசகர்)

பதில்: அது பழைய மிரட்டல். போட்டித்தன்மையைக் கண்காணிக்கும் ஆணையம் தலையிட்டதால், 2017 டிசம்பர் வாக்கில் பெரிய விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். வெளிப் பட்டறை செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். என் பிழைப்பே வெளிப் பட்டறை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: உத்தரவாதக் காலத்தில் முகவரிடமே போங்கள். ஏதாவது பெரிதாகப் போனால் வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் இருக்கும். அந்தக் காலம் முடிந்த மறுநாள் எங்களிடம் வாருங்கள்.

கேள்வி: 2018இல் பதிவான ஆடி ஏ3 ஒரு லிட்டர் வண்டியைப் பார்த்திருக்கிறோம். விலை நன்றாக இருக்கிறது. கணவர் தினமும் செங்காங்கிலிருந்து ஜூரோங்குக்கு வேலைக்குப் போகிறார். கியர்பெட்டி கெட்டுவிடும் என்று தம்பி பயமுறுத்துகிறான். (செங்காங் வாசகி)

பதில்: தம்பி சும்மா சொல்லவில்லை அம்மா.

ஜெர்மன் வண்டியில் ஏன் ஒரு லிட்டர் எஞ்சின் என்று யோசித்திருப்பீர்கள். முன்பு சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇக்கு 1,600 சிசிக்குள் இருந்தால் போதும். அந்த வாசல் வழியாக பிஎம்டபிள்யூ 316ஐ, மெர்சிடிஸ் சி180 எல்லாம் நுழைந்து, சிறிய காரை நம்பியிருந்தவர்களின் வயிற்றில் அடித்தன. 2014 பிப்ரவரியில் எஞ்சின் திறன் 97 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் வந்தது. அதன்பின் ஏ பிரிவுக்குள் அடங்க இப்படிப்பட்ட குட்டி எஞ்சின்கள் தேவைப்பட்டன. எஞ்சினைப் பற்றி எனக்குக் குறையில்லை. சாலை வரியும் ஆண்டுக்கு 400 வெள்ளிக்குள் அடங்கும்.

சிக்கல் கியர்பெட்டியில். டிகியூ200 என்று பெயர். ஏழு கியர், இரண்டு உலர் கிளட்ச். உலர் என்றால் கிளட்சைக் குளிர்விக்க ஆயில் இல்லை. வேகமாகப் போகும்போது கிளட்ச் முழுவதும் பிடித்திருக்கும், சூடு இல்லை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வெந்துகொண்டே இருக்கும். அதோடு கியரை மாற்றும் மூளையும் கையுமான மெக்கட்ரானிக்ஸ் பகுதியும் போகும். 2013இல் இதே கியர்பெட்டியில் செயற்கை ஆயிலை எடுத்துவிட்டுக் கனிம ஆயில் ஊற்ற, ஃபோக்ஸ்வாகன் குழுமம் உலகளவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிறகு வந்தவை திருந்தியவை. ஆனாலும் உலர் கிளட்ச் உலர் கிளட்ச்தான். காலை ஏழரைக்குத் தீவு விரைவுச்சாலையில் ஊர்ந்து போவது அதற்குப் பிடித்த வேலை இல்லை.

வாங்கியே தீருவதென்றால், விற்பனையாளர் சுற்றிக்காட்டும் ஐந்து நிமிட ஓட்டத்தை நம்பாதீர்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு ஏதாவது ஒரு மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் முதல் கியரில் ஏறுங்கள். ஸ்டீயரிங்கில் நடுக்கம் தெரிந்தால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல இருந்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய பின் கணவரிடம் சொல்லுங்கள்: முன் வண்டி ஓரடி நகர்ந்தால் இவரும் ஓரடி நகர வேண்டாம். இரண்டு வண்டி நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரே இழுப்பாகப் போகட்டும். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார். அவரா கிளட்சுக்குப் பணம் கொடுக்கப் போகிறார்?

விலை நன்றாக இருப்பதற்குக் காரணமே இந்தக் கியர்பெட்டியின் பெயர்தான். அந்த மிச்சத்தை வங்கியில் போட்டுவிட்டு ஓட்டினால் கணக்குச் சரியாக வரும்.

கேள்வி: மெர்சிடிஸ் வேண்டாம், லெக்சஸ் வாங்கு என்கிறார் மாமனார். (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: தொல்லை குறைவு என்பதில் மாமனார் சொல்வது சரி. ஆனால் உங்கள் செலவில் பெரும்பங்கு சிஓஇயும் வரியும்தான். அது எந்த நாட்டு வண்டிக்கும் ஒன்றே. மிச்சமாவது பழுதுச் செலவின் வித்தியாசம் மட்டும். இன்னொன்றையும் மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்: லெக்சஸைச் செய்யும் டொயோட்டாவின் 2019 சுப்ரா கார், பிஎம்டபிள்யூ எஞ்சினோடு ஆஸ்திரியாவில் தயாரானது.

கேள்வி: மலேசியாவின் ஜோகூர் பாருவில் பாதிச் செலவில் சர்வீஸ் முடிகிறதாமே? நீங்கள் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வீர்களா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: சொல்கிறேன். டயர், பிரேக் கட்டை, சஸ்பென்ஷன் ரப்பர், பெயிண்ட், இருக்கைத் தோல்: தாராளமாகப் போங்கள். கூலி அங்கே குறைவு, கை சுத்தமான ஆட்கள் இருக்கிறார்கள். எஞ்சின் விளக்கு எரிகிறது, காரணம் தெரியவில்லை என்றால் போக வேண்டாம். அந்த வகைப் பழுது முதல் நாளில் தீராது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை பாலத்தைக் கடந்து போய் நிற்பதற்குள் மிச்சப்படுத்தியது கரைந்துவிடும்.

ஆயில் மாற்றினால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். "முழுச் செயற்கை" என்பது போதாது, மெர்சிடிஸுக்கு 229.5, ஃபோக்ஸ்வாகன், ஆடிக்கு 502 அல்லது 504 என்று உங்கள் கையேட்டில் உள்ள எண் டப்பாவிலும் இருக்க வேண்டும். போலி உதிரிபாகம் எந்தக் கரையிலும் உண்டு. எனக்கே ஒருமுறை போலி ஆயில் வடிகட்டி வந்து சேர்ந்தது. பெட்டி, முத்திரை எல்லாம் அச்சு அசல். சந்தேகத்தில் பழையதையும் புதியதையும் விரித்து மடிப்புகளை எண்ணினேன். புதியதில் ஒன்பது மடிப்பு குறைவு. விற்றவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, "காகிதம்தானே அண்ணே" என்றார்.

புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கட்டும். இல்லாவிட்டால் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. அங்கே வெளிநாட்டு வண்டிக்கு 95 ரகப் பெட்ரோல் போட அனுமதியில்லை, 97 போடலாம். விஇபி என்ற மலேசிய நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 2025 ஜூலையிலிருந்து அபராதம் விதிக்கிறார்கள்.

கேள்வி: பழைய கார் கடையில் ஒரு பிஎம்டபிள்யூ வாங்கினேன். ஐந்தாம் வாரமே கூலண்ட் ஒழுகுகிறது. கடைக்காரர், "பழைய வண்டி, அப்படித்தான்" என்கிறார். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: 2012 செப்டம்பரிலிருந்து "லெமன் சட்டம்" நடப்பில் இருக்கிறது. பழைய காருக்கும் அது உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திரும்பக் கேட்கவோ வழி இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். வண்டியின் வயதுக்கு இயல்பான தேய்மானம் இதில் சேராது என்பதால் ஒழுகும் இடத்தைப் படமெடுத்து, ஒரு பட்டறையில் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உதவாது.

கேள்வி: 2019 மெர்சிடிஸ் சி200. சனி, ஞாயிறு மட்டும் எடுப்பேன். போன வாரம், "வண்டியை நிறுத்து, எஞ்சினை அணைக்காதே" என்று சிவப்பில் வந்தது. அணைத்துவிட்டேன், பிறகு கிளம்பவில்லை. (பீஷான் வாசகர்)

பதில்: அணைக்காதே என்று சொன்ன பிறகும் அணைத்தீர்களே!

உங்கள் வண்டியில் வழக்கமான ஆல்டர்னேட்டர் கிடையாது. பெல்ட்டில் ஓடும் ஜெனரேட்டர் 48 வோல்ட் பேட்டரிக்கு மின்னூட்டும். அதிலிருந்து ஒரு மாற்றி வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொஞ்சம் இறங்கும். இந்தச் சங்கிலியில் எங்காவது அறுந்தால் 12 வோல்ட் பக்கம் பட்டினி கிடக்கும். அதைத்தான் அந்தச் சிவப்பு எழுத்து சொன்னது. எடுத்த எடுப்பில் 48 வோல்ட் பேட்டரியை மாற்றச் சொல்பவரிடம் ஓடாதீர்கள், அது விலையுயர்ந்த பொருள். முதலில் 12 வோல்ட் பேட்டரியையும் தரையிணைப்புக் கம்பிகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். சட்டக (சேஸிஸ்) எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று முகவரிடம் கேளுங்கள்.

வார நாளெல்லாம் வண்டி தூங்கினாலும் அதன் கணினிகள் முழுதாகத் தூங்குவதில்லை. தனி வீட்டுக்காரர் பேட்டரி சார்ஜரை மாட்டிவிட்டுப் போவார். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) மாடிக் கார் நிறுத்துமிடத்தில் அதை மாட்ட இடம் ஏது? ஆகவே வாரத்தின் நடுவில் ஒருநாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, சாங்கி வரை போய்த் திரும்புங்கள். குறைந்தது நாற்பது நிமிடம் ஓட வேண்டும். பக்கத்துக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருவது கணக்கில் சேராது.