150 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு 30 வாட்ஸ் ஆம்ப் போதுமா?

கேள்வி: 1980-களில் வந்த, தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்னால் 150 வாட்ஸ், 8 ஓம்ஸ் என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர். "இதற்கு 200 வாட்ஸாவது வேண்டும், நானே ஒன்று தருகிறேன்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: அவரிடம் ஆம்ப் வாங்காதீர்கள். ஸ்பீக்கர் விஷயத்தை அப்புறம் பார்ப்போம்.

அந்த 150 என்பது, இவ்வளவு தாங்கும் என்று கம்பெனி போட்ட எண். இவ்வளவு கொடுத்தால்தான் பாடும் என்று அர்த்தமில்லை. எப்படி அளந்தார்கள் என்றும் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஆம்ப் கம்பெனிகள் வாட்ஸை ஊதிப் பெருக்கிய காலத்தில், 1974-ல் அமெரிக்க அரசு தலையிட்டு, தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட்ஸைச் சொல்லியாக வேண்டும் என்று விதி போட்டது. ஸ்பீக்கர் முதுகில் ஒட்டுகிற எண்ணை அந்த விதி தொடவே இல்லை. அந்த ஓட்டையில்தான் புரோக்கர்கள் இன்றும் பிழைக்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. 90 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டர் தள்ளி 90 டெசிபல் வரும். வீட்டுக்கு அதுவே நல்ல சத்தம். 30 வாட்ஸில் ஏறக்குறைய 105. 30-ஐ 60 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதற்கா அவ்வளவு செலவு? சின்ன ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்பார்கள். குரல் கரகரக்கும் அளவுக்குத் திருகினால் எரிக்கும்தான், முதலில் ட்வீட்டர் (உச்ச சுரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கர்) போகும். கரகரப்பு கேட்டதும் குறைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஃபினிட்டி காப்பா 9 என்று ஒரு பெரிய ஸ்பீக்கர் உண்டு. பாஸ் சுவிட்சை ஒரு பக்கம் போட்டால், சில தாழ்ந்த சுரங்களில் அதன் ஓம்ஸ், அதாவது மின்தடை, 1-க்கும் கீழே இறங்கிவிடும். ஓம்ஸ் குறையக் குறைய ஆம்பிலிருந்து இழுக்கும் கரண்ட் கூடும். சாதாரண ஆம்ப் சூடேறி அணைந்துவிடும், இல்லையென்றால் புகையும். இங்கே ஆம்பின் அட்டையில் உள்ள வாட்ஸ் உதவாது. குறைந்த ஓம்ஸைத் தாங்கும் கனமான பவர் சப்ளை வேண்டும். ஓம்ஸைக் கூட்டத் தொடரில் ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யோசனை சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆம்ப் தப்பிக்கலாம், சத்தத்தின் குணம் கெடும். அதனால் உங்கள் ஜோடியின் மாடல் பெயரைக் கேட்டு, ஓம்ஸ் எந்த அளவுக்கு இறங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். கோனை, அதாவது முன்னும் பின்னும் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பை, சுற்றியுள்ள ஃபோம் வளையம் பத்திருபது வருடத்தில் மாவாக உதிரும். "புது ஃபோம் போட்டாச்சு" என்று புரோக்கர் சொன்னால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். எந்த அளவு ஃபோம் கையில் கிடைக்கிறதோ அதை ஒட்டி, பசை வழிந்த இடத்தைக் கறுப்புச் சாயத்தில் மறைக்கிற வேலைதான் அதிகம். கிழிசலையும் அதே சாயம் மூடிவிடும். இரண்டு உள்ளங்கைகளையும் கோனின் இரு பக்கமும் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே சொரசொரவென்று உரசினால், கோனின் பின்னால் உள்ள கம்பிச் சுருள் மையம் தவறும்படி ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம் இரண்டு ஊஃபரையும் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) கழற்றச் சொல்லி, பின்னால் உள்ள எண் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்று அசல், மற்றது எங்கிருந்தோ பிடுங்கியது என்பது அடிக்கடி நடக்கும்.

மல்டிமீட்டர் வைத்து "6 ஓம்ஸ் காட்டுது, எல்லாம் நல்லா இருக்கு" என்பார். 8 ஓம்ஸ் ஊஃபர் அப்படித்தான் காட்டும். ஆனால் ட்வீட்டருக்கு முன்னால், மீட்டரின் கரண்டைத் தடுக்கும் கெபாசிட்டர் இருப்பதால் அந்த மீட்டருக்கு ட்வீட்டர் தெரியவே தெரியாது. ஆம்பில் சத்தத்தைக் கூட்டிக் காட்டும் லவுட்னஸ், பாஸ் இரண்டையும் அணைத்து, தாழ்ந்த சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு ஊஃபர், ட்வீட்டர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதை வைத்துக் கேளுங்கள். ட்வீட்டர் ஊமையாக இருந்தால் முன்னாலோ பின்னாலோ உள்ள லெவல் குமிழைப் பலமுறை திருப்பிப் பாருங்கள். உள்ளே பிடித்த களிம்பால் தொடர்பு விட்டிருக்கலாம், திருப்பியதும் உயிர் வரும். வரவில்லையென்றால் புது ட்வீட்டர் கம்பெனியில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் பழைய பாகங்களைக் கைகழுவிப் பல வருடம் ஆகிறது.

ஊஃபரைக் கழற்ற விடமாட்டேன் என்று புரோக்கர் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்.