"கோபால்" இருந்தும் தேடலில் சிக்காதது ஏன்

வணக்கம். வாடிக்கையாளர் பட்டியலில் "கோபால்" கண்ணெதிரே இருந்தும் தேடினால் வரவில்லை, ஒரு வரிசையில் நீளம் 6, இன்னொன்றில் 7 என்று எழுதியிருந்தீர்கள். அந்த 7தான் துப்பு.

யூனிகோடில், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரத்தில், "ோ" ஒரே குறியாகவும் வரலாம் (நீளம் 6); "ே", "ா" என இரண்டாகப் பிரிந்தும் வரலாம் (நீளம் 7). திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டுகளில் தெரியும்: யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் "கோபால்" முறையே 18, 21 பைட்டுகள். "ொ", "ௌ" இரண்டுக்கும் இதே கதைதான்.

பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றை என்எஃப்சி வடிவத்தோடு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) அழையுங்கள். சேமிக்கும்போதும் செய்யுங்கள், தேடுசொல்லுக்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. பழைய வரிசைகளை மாற்றுமுன் காப்பு எடுத்துவிட்டு, மாற்றியபின் ஒன்றாகிவிடும் பெயர்கள் உண்டா என்று பாருங்கள். அந்தப் பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்னும் யுனீக் கட்டுப்பாடு இருந்தால் பாதியில் பிழை வந்து நிற்கும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. "ஔவை"யை ஒ, ள என்று தட்டி "ஒளவை" ஆக்குபவர்கள் ஏராளம். அதைக் கண்மூடித்தனமாக மாற்றினால் "ஒளி"யும் கெடும், ஆகவே சொல்வாரியாகத்தான் திருத்த வேண்டும். "ஸ்ரீ"யும் அப்படியே: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று. தேடலுக்கென்று தனிப் பத்தி வைத்து அதில் ஒன்றாக்கிவிடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.