பதில்: வெண்டை விதை கலந்து போவதும் சட்டப் பயமும்

வணக்கம் அக்கா. சுங்கை சிப்புட்டில் நீங்கள் எடுத்து வைத்த வெண்டை விதை செடிக்குச் செடி வேறு மாதிரி காய்க்கிறது, விதை சேமிப்பதே குற்றம் என்று யாரோ பயமுறுத்தவும் செய்தார்கள் என்கிறீர்கள்.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'எஃப்1' என்று இருந்தால் கலப்பின விதை. அடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி குணம் பிரிந்துதான் போகும். இல்லையென்றால் வேறு வகை வெண்டையின் மகரந்தத்தைக் கொண்டு வந்த தேனீயின் வேலை. மறுநாள் மலரும் மொட்டை மாலையிலேயே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். வெண்டை தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். பிஞ்சு தெரிந்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது சாம்பாருக்குப் பறித்துவிடுவார்கள். காய் செடியிலேயே பழுப்பாகிக் காய்ந்து, விளிம்பு வெடிக்கும்போது பறியுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். விதையை நிழலில் உலர்த்தி, ஈரத்தை உறிஞ்ச வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து, விதையின் எடைக்குக் குறையாமல் பாட்டிலில் சேர்த்து இறுக மூடுங்கள்.

சட்டத்துக்குப் பயப்படாதீர்கள். மலேசியாவின் 2004ஆம் ஆண்டு புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம் பதிவான வகைகளுக்கு மட்டுமே. வணிகமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு அதன் 31ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சிறு விவசாயிகள் தங்களுக்குள் விதையை நியாயமான அளவில் மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. புதிய பயிர் வகையை உருவாக்கியவரின் உரிமையைக் காக்கும் யூபோவ் 1991 என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் மலேசியா சேர்ந்தால் அந்தப் பரிமாற்ற உரிமைதான் சுருங்கும். கவனிக்க வேண்டியது அதை.