புது டிவி, ஹோம் தியேட்டர்: வசனம் கேட்கவில்லை, பாட்டு வந்தால் வீடு அதிர்கிறது. எப்படிச் சரிசெய்வது?

சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீடு, 65 அங்குல டிவி, 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர்). படம் சீரியல் மாதிரி தெரிகிறது, வசனம் காதில் விழவில்லை, பாட்டு வந்தால் அதிர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். படத்துக்குப் பத்து நிமிடம் போதும். சத்தத்துக்குத்தான் ஒரு மதியம் முழுக்க ஒதுக்க வேண்டும்.

முதலில் படம். 'விவிட்', 'டைனமிக்' எல்லாம் கடையில் கண்ணைப் பறிப்பதற்கு. 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி'. முதல் இரண்டு நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரியும், உடனே மாற்றிவிடாதீர்கள், கண் பழகிவிடும். சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு டிவியின் அதிகப்பிரசங்கித்தனம்தான் காரணம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். நடுநடுவே இல்லாத ஃபிரேம்களை டிவி தானே உண்டாக்கிச் செருகுகிறது. சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும். அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஷார்ப்னஸ். திரைக்குப் பக்கத்தில் போய் சப்டைட்டில் எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி இன்னொரு மெல்லிய கோடு ஓடினால், அது மறையும் வரை குறையுங்கள்.

சரி, சத்தம். டிவியிலிருந்து ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயர் இரண்டு பக்கமும் 'ஆர்க்' அல்லது 'ஈ-ஆர்க்' என்று எழுதிய துளையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிவியின் ஆடியோ மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால் 'பாஸ் த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றுங்கள். சாதாரண ஆர்க்கில் பிசிஎம் என்றால் இடது, வலது என்று இரண்டு சேனல்தான் போகும். 5.1 கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. அது அங்கே வந்து சேராமலே இருந்தால் எவ்வளவு காசு போட்டு வாங்கியும் பிரயோஜனம் இல்லை. வசந்தம் தொலைக்காட்சி மாதிரி ஸ்டீரியோவில் வருவதற்கு ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' போட்டால், வசனம் நடு ஸ்பீக்கருக்கு வரும். அந்த ஸ்பீக்கரை டிவி அலமாரிக்குள் உள்தள்ளி வைத்திருந்தால் விளிம்புவரை முன்னால் இழுத்து, சோபாவில் உட்காருகிறவர் காதை நோக்கி லேசாக நிமிர்த்துங்கள்.

ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வந்திருக்கும், அதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். காது உயரத்தில் கேமரா ஸ்டாண்டில் வைத்து ஆட்டோ செட்டப் ஓட்டுங்கள், ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்த அளவையும் ரிசீவரே அளந்துகொள்ளும். கையில் பிடிக்கக் கூடாது, சோபா முதுகில் சாய்த்தும் வைக்கக் கூடாது. ஏர்கானும் மின்விசிறியும் அணைந்திருக்கட்டும், ஜன்னல் சாத்தியிருக்கட்டும். மேல்வீட்டில் கோலிக்குண்டு உருட்டும் அந்தப் பிரசித்தி பெற்ற சத்தம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்! முடிந்ததும் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று பதிவாகியிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும். சப்வூஃபரின் தூரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் தொடாதீர்கள். அதற்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறது. அதன் பிறகும் வசனம் தாழ்ந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டலாம்.

அதிர்வுக்கு சப்வூஃபர்தான் குற்றவாளி. மூலையில் வைத்தால் பேஸ் பெருகும், அதனால்தான் பலரும் மூலையில் வைக்கிறார்கள், அதனாலேயே கொழகொழவென்று கேட்கிறது. சப்வூஃபரைக் கொஞ்ச நேரம் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எங்கே பேஸ் தெளிவாக, சீராகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. எங்கள் வீட்டில் ஒரு குறிப்பிட்ட நோட்டு வந்தாலே சாமி மேடையில் இருக்கும் மணி கிணுகிணுக்கும். அதற்குச் செட்டிங் எதுவும் இல்லை, மணிக்கு அடியில் ஒரு துணி, அவ்வளவுதான்.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தரையும் சுவரும் மொட்டையாக இருப்பதால் சத்தம் எதிரொலித்து வசனம் மங்குகிறது. நடு ஹாலில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள், ரீங்காரம் கேட்டால் சோபாவுக்கு முன்னால் தடித்த விரிப்பும் ஜன்னலுக்கு கனமான திரைச்சீலையும் போடுங்கள். புது ஸ்பீக்கர் வாங்குவதைவிட இது பலன் தரும். சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் பாய் வைத்தால் தரைக்கு இறங்கும் அதிர்வு ஓரளவு குறையும், ஆனால் கீழ்வீட்டுக்குச் சுத்தமாகக் கேட்காது என்று நம்பிவிடாதீர்கள். இரவு 10.30-க்கு மேல் ரிசீவரில் 'நைட் மோட்' போட்டுக்கொண்டால் வெடிச்சத்தம் தாழும், மெல்லிய வசனம் உயரும்.

ரிசீவர் எந்த மாடல் என்று எழுதுங்கள், மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.