வாசகர் கேள்வி: தண்டுவடத்துக்கு ஜெல் ஊசி

கேள்வி: புளி உலுக்க மரமேறிய தம்பி விழுந்து எட்டு மாதமாகிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தண்டுவடத்தில் ஜெல் ஊசி போட்ட எலி எழுந்து நடப்பதை செல்போனில் பார்த்தோம். தம்பிக்கும் போடலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: இன்றைக்கு முடியாதம்மா. ஆஸ்பத்திரிகளில் வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. 2021-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழு, சுண்டெலிகளை நான்கு வாரத்தில் நடக்க வைத்தது உண்மை. ஆனால் அடிபட்ட மறுநாளே ஊசி போட்டார்கள். வீக்கமும் அழற்சியும் பரவி, தப்பிய நரம்பையும் கெடுப்பது முதல் சில நாட்களில்தான். இப்படி ஜெல்லில் தரப் பார்க்கும் மருந்துகளில் பலவும் அதைத் தடுக்கப் பார்ப்பவை. எட்டு மாதத்தில் அங்கே தழும்பு கட்டியிருக்கும். அது வேறு கணக்கு. பணம் கொடுத்தால் போடுகிறோம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். ஆய்வு என்று சொன்னால், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

இப்போது தம்பியின் தோலையும் சிறுநீரகத்தையும் காப்பதுதான் பெரிய வேலை. படுக்கையில் 2 மணிக்கொரு தடவை புரட்டிவிடுங்கள். பிட்டம், குதிகால், இடுப்பெலும்பு மேலுள்ள தோலை தினமும் தடவிப் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. கறுத்து, சூடாக, கெட்டியாக இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பவரென்றால் 4 முதல் 6 மணிக்கொரு தடவை. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் இதற்கெல்லாம் பயிற்சி உண்டு.

கேள்வி: தண்டுவட அடிக்கு மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் போதாதா? ஜெல், நானோ துகள் இரண்டும் எதற்கு?
– பி.ஃபார்ம் மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான மெத்தில்பிரட்னிசலோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் வெளியான ஆய்வின்படி முதலில் கிலோவுக்கு 30 மி.கி., பிறகு மணிக்கு கிலோவுக்கு 5.4 மி.கி. வீதம் 23 மணி நேரம். 60 கிலோ ஆளுக்குக் கூட்டினால் 9 கிராமுக்கு மேல்! உடம்பு முழுக்க அது பாய்வதால் வயிற்றில் ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, சர்க்கரை ஏற்றம்.

நேராகத் தண்டுவட நீரில் விட்டால்? அந்த நீர் நாளைக்கு மூன்று நான்கு முறை புதிதாகிறது; மருந்தும் அதோடு போய்விடும். ஜெல் அதைப் பிடித்து வைக்கும். டொராண்டோவில் மாலி ஷோய்செட் குழு எடுத்தது ஹயலுரானிக் அமிலமும் மெத்தில்செல்லுலோஸும். கடற்பாசி ஆறினால் உறையும். மெத்தில்செல்லுலோஸ் சூடு பட்டால் உறையும். ஊசியில் ஓடிப்போய் உடம்புச் சூட்டில் நின்றுவிடும். ஆனால் ஜெல்லின் கண்ணி, சின்ன மூலக்கூறுக்கு ரொம்ப அகலம், சீக்கிரமே நழுவிவிடும். அதற்குத்தான் துகள். கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பி.எல்.ஜி.ஏ. பாலிமரில் மருந்தை அடைத்தால், தண்ணீர் அதை மெல்ல அரிக்க அரிக்க நாள்கணக்கில் கசியும்.

சறுக்கும் இடங்கள் பல. துகளின் மேலே ஒட்டிய மருந்து முதல் நாளே கொட்டிவிடும். கரையும்போது உள்ளே அமிலம் சேர்ந்து புரத மருந்தைக் கெடுக்கும். கிருமி நீக்க 121 டிகிரி நீராவி ஆட்டோகிளேவில் வைத்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும்; அதனால் கிருமியைப் பிடிக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் போகும் அளவுக்குச் சிறிதாகச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து ஜெல் ஊதுவது. தண்டுவடம் நுங்கைப் போல மெத்தென்றது, எலும்புக் குழாய்க்குள் அடங்கியது. விரிய இடமில்லாத ஜெல் அதையே நசுக்கும். ஆகவே மருந்து சேர்ப்பதற்கு முன்பே, வெறும் ஜெல்லை 37 டிகிரி உப்புக் கரைசலில் ஊறவைத்து எடை எவ்வளவு ஏறுகிறதென்று பாருங்கள்.