நியூரோசயின்ஸ் லேபில் டெக்னீஷியன் வேலை எப்படி இருக்கும்? பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர் போகலாமா?

போகலாம். நானும் பி.எஸ்சி. விலங்கியல்தான். தர்மபுரி பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. "எலியைக் கொல்ல வேண்டியிருக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், வேண்டியிருக்கும். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

எங்கள் லேபில் சுண்டெலி மூளையின் ஹிப்போகேம்பஸை ஆராய்கிறார்கள். புதிய நினைவுகள் பதிய அந்தப் பகுதி மிக முக்கியம். ஆராய்ச்சிக் கேள்வி பிஎச்.டி. மாணவர்களுடையது. அதற்குப் பதில் சொல்லப்போகிற நரம்புச் செல்லை உயிரோடு அவர்கள் கையில் சேர்ப்பது என் பொறுப்பு.

என் நாள் தராசில் தொடங்கும். காலை எட்டு மணிக்கு உப்பு நிறுக்க உட்கார்ந்துவிடுவேன். மூளையை வெளியே எடுத்தபிறகும் செல்கள் ஆறேழு மணி நேரம் உயிரோடு இருக்க ஒரு திரவம் வேண்டும், ஏ.சி.எஸ்.எஃப். என்போம். மூளையைச் சுற்றி இயற்கையாக இருக்கும் நீரில் என்னென்ன உப்பு எவ்வளவு இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே கணக்கு. சோடியம் குளோரைடு, பொட்டாசியம், பைகார்பனேட், பாஸ்பேட், குளுக்கோஸ் எல்லாம் கரைந்தபின் 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கார்போஜனைக் குமிழ விடவேண்டும். கால் மணி நேரம் கழித்துத்தான் கால்சியம். அவசரப்பட்டு முதலிலேயே போட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கிவிடும். முழுசையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடுத்தது நீங்கள் கேட்ட விஷயம். எலியை மயக்க மருந்தில் ஆழ்த்துவோம். காலைக் கிள்ளினாலும் இழுத்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்துகொண்டு தலையைத் துண்டிப்போம். மூளையை எடுத்துப் பனிக்கட்டி போலக் குளிர்ந்த திரவத்தில் போடுவது வரை ஒரு நிமிடம்தான் எனக்கு நானே வைத்திருக்கும் கெடு. வீட்டில் ஆடு, கோழி அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் முதல் மாதம் முழுக்க ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கும் அது எனக்குப் பழகிப்போகவில்லை. பழகாமலே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இஷ்டத்துக்கு எலியை எடுத்து அறுத்துவிட முடியாது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் சி.சி.எஸ்.இ.ஏ. என்ற மத்தியக் குழு இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கிறது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி தெரியாமல் இருக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். ஒவ்வொரு எலிக்கும் பதிவேட்டில் கணக்கு உண்டு.

எலியைக் கையாள எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விலங்குக் கூடத்தில் இருபது வருஷமாக இருக்கும் அண்ணன். முதல் நாளே சொன்னார்: "வாலைப் புடிச்சுத் தூக்காதம்மா. ரெண்டு கையையும் கிண்ணம் மாதிரி வை, அதுவா ஏறிக்கும்." ஏறிக்கொண்டது. 2010-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகளைவிட, கையில் ஏந்தியோ குழாய்க்குள் விட்டோ எடுத்த எலிகளுக்குப் பயம் குறைவு. பயத்தில் இருக்கும் மூளை வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதால் இது ஆராய்ச்சிக்கும் முக்கியம். அண்ணன் அந்தக் கட்டுரையைப் படித்தவர் இல்லை.

எடுத்த மூளையைப் பசை போட்டு ஒட்டி, வைப்ரட்டோம் என்ற இயந்திரத்தில் 0.3 மில்லிமீட்டர் கனத்தில் சீவுவேன். பிளேடு பக்கவாட்டில் அதிர்ந்துகொண்டே மெதுவாக நகரும். சீவிய ஸ்லைஸை 34 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் தேற விடவேண்டும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல செல்லுக்கு ஓரம் வழவழப்பாக, உள்ளே ஒன்றும் துருத்தாமல் இருக்கும். செத்த செல்லில் உட்கரு ஆஃப்பாயில் மஞ்சள்கரு மாதிரி தனியாகத் தெரியும். ஒரு மைக்ரோமீட்டர் அளவே முனையுள்ள கண்ணாடிப் பிப்பெட்டை நல்ல செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மின்தடை கிகாஓம் (நூறு கோடி ஓம்) அளவுக்கு ஏறும். ஜெர்மனியில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் அறிவித்து, பின்னர் மேம்படுத்திய பேட்ச் கிளாம்ப் முறை இது; செல்லின் மின்னோட்டத்தைப் பதிவு செய்ய உதவுகிறது. 1991-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு சட்டென்று தட்டையாகும் தருணத்துக்காக நான் இன்னும் பத்து வருஷம் உப்பு நிறுப்பேன்.

உப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில், ஒரு மாணவியின் எலிகளில் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் துடித்தன, அதாவது மின் சமிக்ஞைகளை அடிக்கடி அனுப்பின. மரபணு மாற்றத்தின் விளைவு என்று எல்லோரும் நினைத்தோம். அடுத்த வாரக் கூட்டத்தில் காட்ட வரைபடம்கூடப் போட்டு வைத்திருந்தார். ஆனால் மாற்றம் செய்யாத சாதாரண எலிகளிலும் அதே துடிப்பு வந்தது. ஆம்ப்ளிஃபையர், வெப்பநிலை என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். நான் உப்பு அலமாரிக்குப் போனேன். ஏ.சி.எஸ்.எஃப்.பில் சேரும் இன்னொரு உப்பான மக்னீசியம் குளோரைடு புட்டியில் கரண்டியை விட்டால் ஈரமாக, கட்டி கட்டியாக வந்தது.

காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு அது. லிட்டருக்கு 203 மில்லிகிராம் நிறுத்திருக்கிறேன். அதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். பக்கத்தில் இருந்த கால்சியம் குளோரைடுக்கும் அதே கதி. நரம்புச் செல்லின் சவ்வில் அயனிகளை உள்ளே விடும் வாசல் போன்ற என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியின் வாயில் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்பது மக்னீசியம்தான் என்று 1984-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். தக்கை குறைந்தால் செல் துடிக்கத்தானே செய்யும்? கரைசலில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கும் ஆஸ்மோமீட்டரும் இதைக் காட்டிக்கொடுக்காது. மொத்தம் 300 காட்டும் இடத்தில் மக்னீசியம் உப்பின் பங்கு வெறும் 3. அதில் கால்வாசி குறைந்தால் எந்தக் கருவிக்குத் தெரியும்?

புதுப் புட்டி திறந்து கலக்கியதும் இரண்டே நாளில் செல்கள் பழைய நிலைக்கு வந்தன. மூன்று வாரப் பதிவுகளைத் தூக்கிப்போட்டோம். அத்தனை எலிகளும் வீண். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் நிறுத்தது என் கை. அன்றிலிருந்து இந்த இரண்டு உப்பையும் புட்டி திறந்த அன்றே 1 மோலார் கரைசலாக்கி வைத்துவிடுகிறேன். தேதி எழுதாமல் எந்தப் புட்டியும் அலமாரிக்குப் போகாது.

சம்பளம் பற்றி: பெரும்பாலும் இது புராஜெக்ட் வேலை. ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும், நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது. எம்.எஸ்சி.யோடு நெட் அல்லது கேட் தேறி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆனவர்களுக்கே 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வாடகைப் படியும்தான். பி.எஸ்சி.க்கு அதைவிடக் குறைவு. பெங்களூர் வாடகையைக் கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள். கட்டுரையில் டெக்னீஷியன் பெயர் ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றியுரையில் வருமா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். கேட்பது தப்பே இல்லை. எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் ஆய்வுக்கூடத் தலைவருக்கு நேரடியாக மெயில் போடுங்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் லேபைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மைக்ரோஸ்கோப்பை அவர்களே காட்டுவார்கள். நீங்கள் உப்பு அலமாரிப் பக்கம் போய், புட்டிகளில் திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.